குளிர்ந்த எலியும் மெதுவான நரம்பும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த வேலை, எலியின் நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி கடத்துகிறது என்று அளப்பது. லூயிஸ் வகை எலிக்கு நரம்புறையின் பி2 புரதத் துண்டு ஒன்றை நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் ஃபிராய்ண்ட் துணைமருந்தில் கலந்து ஊசி போட்டால், 10, 12 நாளில் அதன் நோயெதிர்ப்புச் சக்தியே நரம்பின் மையலின் உறையைத் தாக்கத் தொடங்கும். மனிதர்களுக்கு வரும், கை கால் தளர்ந்துபோகும் கில்லன்-பாரே நோய்க்கு இது ஒரு மாதிரி. முதலில் வால் துவளும், அப்புறம் பின்னங்கால்.

நெறிக்குழு அனுமதிக்கு அலைந்தது தனிக்கதை, விடுங்கள்.

முறை கேட்பதற்கு எளிது. மயக்கம் கொடுத்து, இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் சியாட்டிக் நரம்பை இடுப்பருகே ஒருமுறை, கணுக்காலருகே ஒருமுறை தூண்டி, பாதத் தசையில் எழும் அலையைப் பதிய வேண்டும். இடைவெளி 40 மி.மீ., நேர வித்தியாசம் 0.8 மில்லிசெகண்ட் என்றால் வேகம் விநாடிக்கு 50 மீட்டர். ஸ்கேலில் 2 மி.மீ. பிசகினால் 5 சதவீதம் போச்சு. எலியின் காலை ஒருநாள் மடக்கியும் மறுநாள் நீட்டியும் அளந்துவிட்டு முழித்தவன் நான்.

2022 ஜூலை, குளிர்காலம். பாதி வேலையில் மின்வெட்டு. கருவி பேட்டரியில் ஓடியது. எலிக்கு அடியில் இருந்த மின்சூட்டுப் பாய் அணைந்துவிட்டது. அதோடு, மின்சாரத்தால் திரையில் இருந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அடங்கி, கோடு பளிச்சென்று வந்தது. சந்தோஷமாக அளந்து தள்ளினேன். 42, 41, 40. நோய் நன்றாகப் பிடித்துவிட்டது என்று குறித்தும் வைத்தேன்.

பி2 இல்லாமல் துணைமருந்து மட்டும் போட்டதால் நோயே வராத எலியும் 41 காட்டியபோதுதான் உறைத்தது. என் ஆய்வு வழிகாட்டி மேடம் பதிவைப் பார்த்தார். "அலை சின்னதாகவே ஆகலையே. காலைத் தொட்டுப் பாத்தியா?"

ஜில்லென்று இருந்தது. ஒரு டிகிரி குளிர்ந்தால் வேகம் கிட்டத்தட்ட 2 மீட்டர் குறையும். ஆனால் அலையின் உயரம் குறையாது, கூடக்கூடச் செய்யும். மையலின் அழிந்திருந்தால், இடுப்பில் தூண்டிய அலை சிறுத்துச் சிதறிப் போயிருக்கும்.

அந்த வாரப் பக்கங்களை எல்லாம் அடித்தேன். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில், வீட்டில் ஆயாவிடம் புலம்பியதற்கு, "நாங்க இங்க எலிக்குப் பொறி வைக்கிறோம், நீ அங்க போய்ப் போர்வை போத்துறியா?" என்று சிரித்தது.

போர்த்தத்தான் செய்தேன். வெந்நீர் ஓடும் பாய் போட்டேன், அதில் இரைச்சலும் இல்லை. காலில் தனி வெப்பமானி ஒட்டினேன். துணைமருந்து எலி 51 காட்டியது. வால் துவண்டிருந்த எலியில், இடுப்பிலிருந்து வந்த அலை கணுக்கால் அலையில் பாதிகூட இல்லை.