'வென்ட்' யார் வீட்டுப் பிள்ளை?

ஆங்கிலத்தில் 'கோ' என்ற வினைக்கு இறந்தகாலம் ஏன் 'வென்ட்' என்று கேட்டால், மனப்பாடம் பண்ணு என்பதுதான் வகுப்பில் கிடைக்கும் பதில். ஆனால் அது 'கோ'வுக்குச் சொந்தமே இல்லை. 'வெண்ட்' (wend) என்று தனியாக ஒரு வினை இருந்தது, முதலில் திரும்புவது, திருப்புவது என்ற பொருளில், அப்புறம் மெல்ல 'போவது' என்றாகிவிட்டது. அனுப்புவதைச் சொல்லும் 'செண்ட்' கடைசி ஒலி வன்மையாகி 'சென்ட்' ஆகிறதே, அதே மாதிரி இதன் இறந்தகாலம் 'வென்ட்'. 'கோ'வுக்கோ பழைய ஆங்கிலத்தில் 'ஏயோடெ' என்ற ஒரு வடிவம் இருந்தது, அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான், அது தேய்ந்து மறைய, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'வென்ட்' அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த 'வெண்ட்' பிறகு 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது, இன்று அது இலக்கிய நடையில் எப்போதாவது தலைகாட்டுவதோடு சரி.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த வம்பே வேண்டாமென்று 'கேட்' (gaed) என்று ஒழுங்கான வடிவம் வைத்திருந்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் 'கோ'வோடு வழக்கமான விகுதியைச் சேர்த்து 'கோடு' (goed) என்று சொல்லிப் பார்ப்பதுண்டு, நியாயமான யோசனை!

எனக்குப் பிடித்தது இன்னொன்று. பால் கெட்டாலும், பைத்தியம் பிடித்தாலும், கண் தெரியாமல் போனாலும் ஆங்கிலத்தில் 'கோ'தான். கனவு பலித்தாலோ 'கம்', அதாவது வருவது. நாமும் கெட்டுப்போச்சு, உடைஞ்சுபோச்சு, செத்துப்போச்சு என்றுதானே சொல்கிறோம்?