என் மின்சைக்கிளில் மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

சமையலறைத் தராசில் சைக்கிள் சீட்டை வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழையது 312 கிராம், புதியது 186. "126 கிராம் மிச்சம்" என்று நான் பெருமையாகச் சொன்னதற்கு, "காலையில சாப்பிடாம போனா அரைக் கிலோ மிச்சமாகுமே" என்றார் அம்மா. அப்போது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சீட்டுக்கு அப்புறம் சீட் கம்பம், ஹேண்டில்பார், முன்சக்கரம் என்று மூன்று மாதம் அதே தராசோடு ஓடியது. எல்லாம் சேர்ந்து 740 கிராம் குறைத்தேன். 13.4 கிலோ சைக்கிள் 12.66 ஆனது.

ஓட்டிப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏன் இல்லை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதைப் பணம் செலவழிப்பதற்கு முன் போட்டிருக்க வேண்டும். நான், சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 90 கிலோ. 90 கிலோவை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 245 வாட்-அவர் ஆற்றல் வேண்டும். என் பேட்டரியின் முழுக் கொள்ளளவே 250 வாட்-அவர்தான். அந்த 740 கிராமை அதே உயரத்துக்குத் தூக்க எவ்வளவு தெரியுமா? 2 வாட்-அவர். மூன்று மாத உழைப்பு!

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு சைக்கிள்தான். பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் 250 வாட் மோட்டார், சட்டத்தின் கீழ்க்குழாய்க்குள் பேட்டரி, மேல்குழாயில் ஒரே ஒரு பட்டன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது மின்சைக்கிள் என்றே தெரியாது. பெரிய மின்சைக்கிள்களில் 500, 600 வாட்-அவர் பேட்டரி இருக்கும்; எடையும் 20 கிலோவைத் தாண்டும். இந்த வகையில் பேட்டரி பாதிதான், எடையும் குறைவு. ஆகவே மோட்டார் நம்மை இழுத்துக்கொண்டு போகாது. நாம் மிதிப்போம், அது கூட வரும்.

கூட வருவதும் ஓர் எல்லை வரைக்கும்தான். ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் உதவியை நிறுத்திவிட வேண்டும். என்னுடையது அந்த விதிக்கு உட்பட்டது. சமதளத்தில் நான் எப்படியும் 27, 28-இல் போகிறவன். அப்படியென்றால் சமதளம் முழுக்க நான் ஓட்டுவது மோட்டார் இல்லாத, ஆனால் 13 கிலோ எடையுள்ள ஒரு ரோடு சைக்கிள். ஹப்புக்குள் ஒரு கிளட்ச் இருப்பதால் அணைந்த மோட்டார் காலை இழுத்துப் பிடிப்பதில்லை. அதுவே பெரிய நிம்மதி. எரிச்சல் வருவது 24-க்கும் 26-க்கும் நடுவில் ஓடும்போது. உதவி வரும், போகும், வரும், போகும். அந்த வேகத்தில் மோட்டாரை அணைத்துவிடுவதுதான் மரியாதை.

சரி, எடையில் ஒன்றும் இல்லை என்று தெளிந்த பிறகு டயருக்கு வந்தேன். கடையிலிருந்து வந்தபோது 28 மி.மீ. டயர், 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். தார்ச் சாலையில் வழுக்கிக்கொண்டு போகும், சரளை மண்ணில் இறங்கினால் பல் ஆடும். இந்தச் சட்டத்தில் 40 மி.மீ. வரை போடலாம் என்று கையேட்டில் இருந்தது. நம்பி இரண்டு டயர் வாங்கினேன். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சடித்த அளவும் ரிம்மில் ஏறியபின் உள்ள அளவும் ஒன்றல்ல. ரிம்மின் உள்ளகலம் கூடினால் டயரும் விரியும். புதிய முன்சக்கரத்தில் அந்த 40, காலிப்பர் வைத்து அளந்தால் 42 காட்டியது. முன்னால் இடம் தாராளமாக இருந்ததால் பிரச்சினை இல்லை. பின்னால்தான் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகம்கூட நுழையவில்லை. ஈரமண்ணில் ஒரு கல் ஒட்டிக்கொண்டு சுற்றினால் சட்டத்தை அரித்துவிடும். பின்னால் 38-க்கு இறங்கினேன்.

ட்யூப் இல்லாமல் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். முன்சக்கரம் பத்து நிமிட வேலை. பின்சக்கரம் ஒரு மாலைப் பொழுதைத் தின்றது. ரிம் டேப்பை இழுத்து ஒட்டி, வால்வைப் பொருத்தி, டயரை ஏற்றி, கால்பம்பால் அடித்தால் காற்று ஒருபக்கம் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. வியர்வை சொட்டச் சொட்ட அடித்தும் டயர் தொளதொளவென்று கிடந்தது. அப்புறம் வால்வின் உள்கோரைக் கழற்றி, டயரின் ஓரத்தைச் சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரே மூச்சில் வேகமாக அடித்தேன். 'டப்' என்று ஒன்று, அரை வட்டம் தள்ளி இன்னொரு 'டப்'. டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. காற்றை இறக்கி, வால்வு வழியாக, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் 60 மில்லி ஊற்றி, மறுபடி அடித்துச் சக்கரத்தைக் குலுக்கிச் சுற்றினேன். இப்போது முன்னால் 32, பின்னால் 36 பி.எஸ்.ஐ. வைத்துக்கொள்கிறேன். மோட்டார் எடை பின்னால் இருப்பதால் அந்த நாலு பி.எஸ்.ஐ. கூடுதல்.

டயரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. மோட்டாருக்கு வேகம் தெரிவது சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான். 28 மி.மீ. டயரின் சுற்றளவு 2136 மி.மீ., 38 மி.மீ. டயரின் சுற்றளவு 2180. இதைச் சைக்கிளுக்கான கைபேசிச் செயலியில் மாற்றாமல் விட்டால் திரையில் காட்டும் வேகமும் தூரமும் 2 சதவீதம் குறைவாக இருக்கும், மோட்டாரும் 25.5 வரை உதவும். லாபம்தானே என்று சிலர் சொல்வார்கள். விதி என்றால் விதிதான். நான் மாற்றிவிட்டேன்.

பின்சக்கரத்தைக் கழற்றுவது தனிக் கதை. சாதாரண ரோடு சைக்கிளில் அச்சை உருவினால் சக்கரம் கையில் வந்துவிடும். இதில் மோட்டாரிலிருந்து ஒரு கம்பி வெளியே வந்து சட்டத்தின் பக்கத்தில் ஓர் இணைப்பில் முடிகிறது. அது ஆடாமல் இருக்க ஒரு சிப் டை, அதாவது பிளாஸ்டிக் கட்டு, கட்டியிருப்பார்கள். முதலில் அதை வெட்ட வேண்டும். இணைப்பைத் திருகாமல் நேராக இழுத்துப் பிரிக்க வேண்டும். அப்புறம் இருபக்கத்துப் போல்ட். அதற்கு அப்புறம், அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் வீட்டில் ஒருமுறை செய்து பார்க்காமல் கிளம்பிவிட்டேன். ஒரு காட்டுப் பாதையில் சீலன்ட் அடைக்க முடியாத அளவுக்குக் கூரான கல் ஒன்று டயரைக் கிழித்தது. பையில் ட்யூப் இருந்தது, பம்பு இருந்தது. சிப் டையை வெட்ட ஒன்றும் இல்லை. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அறுத்தேன். மறுபடி கட்டவும் ஒன்றும் இல்லாததால் ஷூ லேஸின் நுனியை வெட்ட முடியாமல், முழு லேஸையும் உருவிக் கட்டிக்கொண்டு, ஒரு கால் ஷூ தொளதொளக்க வீடு வந்து சேர்ந்தேன். இப்போது என் பையில் நாலு சிப் டையும், ஒரு சிறு வெட்டியும், அந்த போல்ட்டுக்கான ஆலன் கீயும் நிரந்தரம்.

அதனால்தான் பின்சக்கரத்தை மட்டும் மாற்றாமல் விட்டேன். மோட்டாரே ஹப்பாக இருக்கும்போது சக்கரத்தை மாற்றுவது என்றால் ரிம்மைப் பிரித்து, வேறு நீளத்தில் ஸ்போக் வாங்கி, மறுபடி பின்ன வேண்டும். மெல்லிய கார்பன் ரிம்களில் சில மோட்டாரின் முறுக்கு விசைக்கு ஏற்றவை அல்ல. என் கணக்கில் அது தேறவில்லை.

கியர் விஷயத்தில்தான் உண்மையான மாற்றம் நடந்தது. சைக்கிள் வந்தபோது முன்னால் இரண்டு பல்சக்கரம், 50, 34 பல். பின்னால் 11-லிருந்து 32. மிகக் குறைந்த கியரில் நிமிடத்துக்கு 70 மிதி போட்டால் வேகம் 9.5 கிலோமீட்டர். 12 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க 280 வாட் தேவை. மோட்டார் பாதி கொடுத்தாலும் மீதி 140 என் கால்கள் கொடுக்க வேண்டும், அதுவும் சரளையில் பின்சக்கரம் வழுக்காமல். முடியாமல், ஒவ்வொரு தடவையும் மோட்டாரை அதிக உதவி தரும் மூன்றாம் நிலைக்குத் தட்டிவிடுவேன். பேட்டரி பாதி மலையில் காலியாகிவிடும். குறை பேட்டரியில் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முன்னால் 46, 30 பல் உள்ள, சரளைப் பாதைக்கென வரும் ஷிமானோ ஜி.ஆர்.எக்ஸ். க்ராங்க் (மிதியைத் தாங்கும் பாகம்), பின்னால் 11-34 கேசட் (பல்சக்கர அடுக்கு) போடுவது என்று முடிவாயிற்று. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பழைய ரோடு பின் டீரெய்லர் 34 வரை தாங்கும் நீளக் கூடு வகை என்பதால் அதை மாற்றவில்லை. முன் டீரெய்லரையும் வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. அகலமான டயருக்கு இடம் விடுவதற்காக ஜி.ஆர்.எக்ஸ். க்ராங்கில் செயின் ஓடும் கோடு 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது. ரோடு டீரெய்லர் அதுவரை எட்டாது; பெரிய பல்சக்கரத்தில் செயின் கூட்டில் உரசிக்கொண்டே இருந்தது. அதையும் அதே வகையில் வாங்க வேண்டியதாயிற்று. பல்சக்கரம் சிறிதானதால் டீரெய்லரைக் கீழே இறக்கிப் பொருத்தி, புதுச் செயினை அளந்து வெட்டினேன்.

எல்லாம் முடிந்து பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு வந்தது. மிதித்தேன். மோட்டார் அசையவே இல்லை. கம்பி இணைப்பைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். சார்ஜ் போட்டுப் பார்த்தேன். செயலியில் ஒரு பிழையும் காட்டவில்லை. மோட்டாரையே கெடுத்துவிட்டோம் என்று வயிற்றில் புளியைக் கரைத்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது, கருவித் தட்டில் கிடந்த பழைய கேசட் மூடி வளையத்தை எடுத்தேன். கூடவே ஒரு சின்ன வாஷரும் ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தம்! என் சைக்கிளில் நாம் மிதிக்கிறோமா என்று மோட்டார் கண்டுபிடிப்பது அந்த வளையத்துக்குள் இருக்கும் காந்தங்களை வைத்துத்தான். கேசட் சுழன்றால் காந்தம் சுழலும், பக்கத்தில் இருக்கும் சென்சார் அதைப் பார்த்து மோட்டாருக்குச் சொல்லும். நான் புதிய கேசட்டோடு வந்த சாதாரண வளையத்தைப் போட்டு இறுக்கியிருந்தேன். பழையதைத் திரும்பப் போட்டதும் சக்கரம் உயிர் பெற்றது.

புதிய கியரில் அதே 70 மிதிக்கு வேகம் 8 கிலோமீட்டர் சொச்சம். கேட்க அற்பமாக இருக்கும். அதே 12 சதவீத ஏற்றத்துக்கு இப்போது 240 வாட் போதும். 40 வாட் குறைந்தது காலுக்கு நன்றாகவே தெரியும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. நடுவில், க்ராங்கில் மோட்டார் உள்ள சைக்கிளில் மோட்டாரும் நம்மைப் போல கியரைப் பயன்படுத்திக்கொள்ளும். ஹப் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு அது திணறும், மின்சாரம் வெப்பமாகப் போகும். ஆகவே கியர் இருக்கிறதே என்று 6 கிலோமீட்டரில் ஊர்ந்தால் பேட்டரிக்குத்தான் நஷ்டம். செங்குத்தான இடத்தில் நானே எழுந்து நின்று மிதித்துக் கொஞ்சம் வேகத்தைக் காப்பாற்றுகிறேன்.

கடைசியாகச் செய்ததற்குக் காசே செலவாகவில்லை. செயலியில் முதல் நிலையை 75 வாட்டுக்கும் இரண்டாவதை 130-க்கும் இறக்கி வைத்தேன். மூன்றாம் நிலையை அப்படியே விட்டேன், அவசரத்துக்கு.

இதற்கு அப்புறம்தான் 92 கிலோமீட்டர், 1350 மீட்டர் ஏற்றம் கொண்ட ஒரு பாதையில் போனேன். முன்பு பாதியில் திரும்பிய அதே பாதை. கூட வந்த நண்பருடையது மோட்டார் இல்லாத 8 கிலோ சைக்கிள். முதல் 20 கிலோமீட்டர் சமதளத்தில் மோட்டாரை அணைத்தே வைத்திருந்தேன். "எடுத்துட்டு வந்ததை யூஸ் பண்ண மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏற்றம் தொடங்கியதும் முதல் நிலை. மணிக்கு அறுநூறு மீட்டர் உயரம் என்ற கணக்கில் ஏறினோம். அவர் பேசிக்கொண்டே வந்தார், நானும் பதில் சொல்லிக்கொண்டே ஏறினேன். பழைய கியரில் அந்த ஏற்றத்தில் எனக்குப் பேச்சே வராது. சரளைப் பகுதியில் அகல டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போனது. அங்கே அவர்தான் பின்தங்கினார். உச்சிக்கு முன்னால் 14 சதவீதத்தில் ஒரு வளைவு. அங்கே மட்டும் மூன்றாம் நிலை, அதிகம் போனால் நாலு நிமிடம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பேட்டரி 19 சதவீதம். இறக்கத்துக்கு மோட்டார் வேண்டாம். வீட்டுக்கு வந்தபோது 11.

இறங்கும்போது நண்பர் ஒருமுறை சைக்கிளை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவருடையதில் ஏறியதும் அந்த லேசு எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவர் என்னுடையதில் ஒரு சின்ன மேட்டில் பட்டனைத் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் முன்னால் போய்விட்டார். திருப்பிக் கொடுக்கும்போது, "இந்தச் சீட்டு ஏன் இப்படிக் குத்துது?" என்று கேட்டார். அந்த 186 கிராம் சீட்டைக் கழற்றிவிட்டேன். பழையதுதான் இப்போது இருக்கிறது.