குதிரைத் தோலில் இரண்டு ஏ-2: தைக்கக் கொடுத்து வாங்கிய அனுபவம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க விமானிகளின் தோல் ஜாக்கெட்டை அச்சு அசலாக அதே மாதிரி தைத்துக் கொடுப்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அந்த ஜாக்கெட்டுக்கு ராணுவம் வைத்த பெயர் ஏ-2. அவர்களில் ஒருவரிடம் எனக்கும் என் மனைவிக்கும் ஆளுக்கொரு ஏ-2 தைத்து வாங்கினோம். தோல் வெட்டுவது, தைப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. யாராவது இப்படி ஆர்டர் கொடுக்க யோசித்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். தோலில் கத்தி படுவதற்கு முன்னால் நடக்கிற பேச்சும் அளவெடுப்பும்தான் இதில் முக்கால்வாசி வேலை. அதில் பொறுமை காட்டினால் மீதி தானாக நடக்கும்.

அவர் கேட்ட முதல் கேள்வி அளவைப் பற்றியது இல்லை. "எந்த கான்ட்ராக்ட் வேண்டும்?" என்றுதான் கேட்டார். அதாவது, ராணுவத்துக்காக எந்தக் கம்பெனி தைத்த மாதிரி வேண்டும் என்று. ஏ-2வை அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1931 மே மாதம் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1943 வரை வெவ்வேறு கம்பெனிகள் தைத்துக் கொடுத்தன. பென்சில்வேனியாவின் ரஃப் வேர், நியூயார்க் மாநிலம் பீக்கன் ஊரின் ஏரோ லெதர், சிகாகோவின் டுபோ, அப்புறம் பெர்ரி, பிராங்கோ, ஸ்டார் என்று வரிசை நீளும். முழுத் தோலில் பின்பக்கம், சட்டைக் காலர், தோளில் பட்டை, மூடி வைத்த இரண்டு பாக்கெட், கைமுனையிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல் என்று என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ராணுவம் எழுதிக் கொடுத்தது. அதை எப்படி வெட்டுவது என்பது அந்தந்தக் கம்பெனியின் பாடு. அதனால் ஒரே ஏ-2 என்றாலும் ஒவ்வொன்றின் காலரும் வேறு, பாக்கெட் மூடியின் வளைவும் வேறு, உடம்பில் உட்காரும் விதமும் வேறு. சிலவற்றில் காலருக்கு அடியில் தனிப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். சிலவற்றில் காலர் நேராக உடம்போடு சேரும். கழுத்தைச் சுற்றி ஜாக்கெட் எழுந்து நிற்பதும் படிந்து கிடப்பதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. நாங்கள் இருப்பது ஒஹையோவில் டேட்டன் பக்கம். இந்த ஜாக்கெட்டைச் சோதித்துப் பார்த்து முடிவெடுத்த ரைட் ஃபீல்ட் என்ற ராணுவ விமானத்தளம் இங்கேதான் இருந்தது. அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகமும் இங்கேதான், நுழைவுக் கட்டணமே கிடையாது. 2018 முதல் இரண்டாம் உலகப்போரில் பறந்த மெம்ஃபிஸ் பெல் குண்டுவீச்சு விமானம் அங்கே நிற்கிறது. சனிக்கிழமைகளில் போய் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அசல் ஜாக்கெட்டுகளைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். போட்டோவில் தெரியாத பலதும் நேரில் தெரிந்தன. முக்கியமாக நீளம். ஏ-2 நாம் நினைப்பதைவிட ரொம்பக் குட்டை. அந்தக் காலத்துப் பேன்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும். ஜாக்கெட்டின் கம்பளிப் பட்டை அங்கே வந்து முடியும். இன்றைய இடுப்புக்குக் கீழே இறங்கிய ஜீன்ஸோடு போட்டால் நடுவே சட்டை எட்டிப் பார்க்கும். நிறையப் பேர் இதைக் குறை என்று எண்ணி ரெண்டு அங்குலம் நீளம் கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டினால் அது ஏ-2வின் உருவமே இல்லை. ஜாக்கெட்டை நீட்டாமல் பேன்ட்டை மாற்றுவது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

எனக்கு ரஃப் வேரின் காலர் பிடித்தது, அதையே சொன்னேன். மனைவியின் விஷயம் வேறு. 1943, 44ல் டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் ஊரின் அவெஞ்சர் ஃபீல்டில் பயிற்சி பெற்று, ராணுவத்துக்காக விமானம் ஓட்டிய பெண்கள் படை ஒன்று உண்டு. சுருக்கமாக வாஸ்ப் என்பார்கள். பயிற்சி முடித்து வெளியே வந்தவர்கள் 1,074 பேர். பணியில் உயிரிழந்தவர்கள் 38 பேர். ராணுவ அந்தஸ்து அவர்களுக்கு 1977ல்தான் கிடைத்தது. அவர்களும் ஏ-2 அணிந்தார்கள். ஆண்களுக்கென்று வெட்டிய உடைகளைத்தான் ராணுவம் அவர்களுக்குக் கொடுத்தது, படங்களில் தோள் இறங்கித் தொங்குவதைப் பார்க்கலாம். அந்தப் பெண்கள் போட்ட ஜாக்கெட் வேண்டும், ஆனால் தன் தோளுக்கு வெட்டியதாக வேண்டும் என்றாள். ஆர்டர் கொடுத்துத் தைப்பதன் முழுப் பயன் அங்கேதான் இருக்கிறது. ரெடிமேடில் இது நடக்கவே நடக்காது.

அடுத்தது தோல். துண்டுத் தோல் மாதிரிகளை ஒரு கவரில் போட்டு அனுப்பினார். குதிரைத் தோலில் மரப்பட்டைச்சாறு போட்டுப் பதனிட்டது ஒன்று, குரோம் உப்பு போட்டுப் பதனிட்டது ஒன்று, கூடவே ஆட்டுத்தோல் ஒன்று. நான் ஆம்பூர்க்காரன், பக்கத்து வீட்டுக்காரர்கள் பாதிப்பேர் தோல் தொழிலில்தான். கையில் எடுத்ததும் மடித்துப் பார்த்தேன். பட்டையில் பதனிட்டது மடித்த இடத்தில் வெளிறிக் கோடு விட்டது, விரலால் தேய்த்ததும் பாதி மறைந்தது. குரோம் தோலில் கோடே விழவில்லை. குரோம் முதல் நாளே மெத்தென்று இருக்கும், மழைக்கும் பயப்படாது. பட்டைத் தோல் முதலில் விறைப்பாக நிற்கும். போடப் போட முழங்கையில், அக்குளில், பாக்கெட் ஓரத்தில் நம் உடம்பு அசைகிற இடமெல்லாம் மடிப்பு விழுந்து அங்கேயே பளபளப்பு ஏறும். நாங்கள் இருவரும் அதையே எடுத்தோம். கடற்படையின் ஜி-1 ஜாக்கெட் என்றால் ஆட்டுத்தோல்தான் முறை. ஏ-2வுக்கு என் ஓட்டு குதிரைக்குத்தான்.

நிறத்தில் கொஞ்சம் தகராறு. செம்பழுப்பா, அடர்பழுப்பா? அசல்களில் இரண்டும் உண்டு. செம்பழுப்பில் வந்ததைப் பிறகு ராணுவமே அடர்பழுப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்ததும் உண்டு; தேய்ந்த இடத்தில் அடியிலிருந்து சிவப்பு வெளியே வரும். எனக்கு அடர்பழுப்பு, அவளுக்குச் செம்பழுப்பு.

இனி அளவு. இந்தக் கட்டத்தில்தான் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது. உடம்பை டேப் வைத்து அளந்து அனுப்பினால் அவருக்குப் போதாது. நன்றாகப் பொருந்துகிற ஜாக்கெட் ஒன்றை மேஜையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள், தோள் தையலிலிருந்து தோள் தையல், கை நீளம், காலருக்குக் கீழே ஆரம்பித்துப் பின்பக்க நீளம் எல்லாம் கேட்டார். முன், பின், பக்கவாட்டு போட்டோ கேட்டார். உள்ளே சட்டை மட்டும் போடுவீர்களா, ஸ்வெட்டரும் போடுவீர்களா என்று கேட்டார். பிறகு பழைய தோலில் தைத்த சோதனை ஜாக்கெட் ஒன்றை அனுப்பிவைத்தார். அதன் நெஞ்சிலும் கையிலும் சாக்பீஸ் குறிகள் இருந்தன.

அதைப் போட்டுக்கொண்டு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியிருந்தார். ஜிப்பை மேலே வரை ஏற்றி நாற்காலியில் உட்கார வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஸ்டியரிங் பிடிப்பதுபோல் வைக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது இடுப்புப் பட்டை எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். ஜி-1க்குத் தோளுக்குப் பின்னால் விரிந்து கொடுக்கிற மடிப்பு உண்டு, அக்குளில் தனித் துண்டும் உண்டு. ஏ-2வின் முதுகு ஒற்றைத் துண்டுத் தோல், விரிய வழியில்லை. கை வீச்சுக்கு இடம் வேண்டுமென்றால் அதை வெட்டும்போதே கொடுத்தாக வேண்டும். மனைவிக்குத் தோள் அகலத்தைக் குறைத்து, அக்குள் வெட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி, நெஞ்சில் இடம் விட்டார். அக்குளைத் தாழ்த்தி வெட்டினால் தாராளமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் போனில் விளக்கினார்: அக்குள் உயரமாக இருந்தால்தான் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் மொத்தமும் கூடவே ஏறாது. சோதனை ஜாக்கெட்டில் அவள் கையைத் தூக்கிப் பார்த்தபோது அது கண்கூடாகத் தெரிந்தது.

ஜாக்கெட்டில் தைக்கிற ஒட்டுச்சின்னம் பற்றியும் பேசினோம். வாஸ்ப் பெண்களின் சின்னம் ஃபிஃபினெல்லா. டிஸ்னி வரைந்து கொடுத்த, சிறகு முளைத்த குட்டிப் பெண். அதைத் தோலில் கையால் வரைந்து தைத்துத் தருவேன் என்றார். மனைவி ஓர் இரவு யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். விமானம் ஓட்டிப் பெற்றவர்களுடையது அது, தான் போடுவது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நானும் பெயர்ப் பட்டை, சிறகுச் சின்னம் எதுவும் கேட்கவில்லை. போடுகிறவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், எங்களுக்கு அது ஒப்பவில்லை.

பாதிப் பணம் முன்பணம், மீதி தைத்து முடித்ததும். ஒன்றுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டியது. சொன்ன தேதிக்கு வரவில்லை. கம்பளிப் பட்டை பின்னித் தருகிற மில்லிலிருந்து சரியான நிறம் வரத் தாமதம். வேறு நிறத்தை வைத்து முடித்துவிடவா என்று அவர் கேட்கவே இல்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. ஒற்றை ஆளாகத் தைக்கிறவரிடம் வாரத்துக்கு ரெண்டு முறை கேட்டால் கை வேகமாக ஓடாது, மனசுதான் கசக்கும்.

பெட்டி வந்தது. தூக்கும்போதே கனம் தெரிந்தது. முதலில் தையலைப் பார்த்தேன்: பாக்கெட் மூலையில் நூல் திரும்புகிற இடம் கூர்மையாக, ஒரு தையல்கூட தவறாமல் இருந்தது. காலர் முனைகளுக்கு அடியில் மறைந்திருக்கிற பிரஸ் பட்டன், கழுத்துக் கொக்கி, உள்ளே மாட்டுவதற்கான தோல் பட்டை எல்லாம் அசல் இடத்தில். ஜிப் போடுவதை மட்டும் நிதானமாகப் பழக வேண்டும். பழைய மாதிரி உலோக ஜிப் அது. ஸ்லைடரைக் கீழே அடிவரை இறக்கி, ஊசி முழுவதும் அடிப்பெட்டியில் இறங்கியதா என்று பார்த்து, ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஏற்ற வேண்டும். பாதி இறங்கிய ஊசியோடு இழுத்தால் பல் நெளியும், பழைய ஜிப்புக்கு மாற்று தேடுவது பெரும்பாடு.

முதல் வாரம் ஜாக்கெட் புதுச் செருப்பு மாதிரிதான், உடம்புக்கு வழிவிடாது. வீட்டிலேயே போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன், காரில் உட்கார்ந்தேன், முழங்கை மடிந்து மடிந்து மெல்ல இளகியது. எண்ணெய், மெழுகு எதுவும் தடவக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்; தோலில் ஏற்கெனவே போதுமான கொழுப்பு ஏற்றியிருக்கிறார்களாம். நனைந்தால் ஹீட்டர் பக்கம் காட்டாமல் அகலமான ஹாங்கரில் தொங்கவிட்டுத் தானாகக் காய விட வேண்டும். பிளாஸ்டிக் உறை கூடாது, துணி உறை போதும். தோலுக்கு ஒன்றும் ஆகாது, கம்பளிப் பட்டையைத்தான் அந்துப்பூச்சி தேடி வரும். வெயில் காலத்தில் எடுத்து வைக்கும் முன் கைமுனையையும் இடுப்பையும் நன்றாகத் தட்டித் துலக்கி வைக்கிறோம். பட்டை பிய்ந்தாலும் மாற்றித் தருவாராம். எங்கள் இருவரின் பேட்டர்னையும் அட்டையில் வெட்டிப் பெயர் எழுதி மாட்டி வைத்திருக்கிறார். அந்த அட்டையை வைத்தே எனக்கு ஒரு ஜி-1 கேட்டிருக்கிறேன், ஆட்டுத்தோலில், ரோமக் காலரோடு. முதுகு மடிப்புக்காக அளவு மறுபடி பார்க்க வேண்டும் என்று சோதனை ஜாக்கெட்டை அனுப்பியிருக்கிறார்.