737 மூக்குப் படத்துக்குப் பெயர் குறித்தல்: இங்க்ஸ்கேப்பில் சுட்டுக்கோட்டை வழிக்குக் கொண்டுவந்த முறை

போயிங் 737-800இன் மூக்குப் பகுதி, இடப்பக்கப் படம் முடிந்தது. பிட்டோ குழாய் (காற்றுவேகம் அளப்பது), தாக்குகோண உணரி (காற்று எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று காட்டுவது), ரேடோம் (ரேடாரை மூடும் மூக்கு நுனிக் கூம்பு) மேல் ஓடும் மின்னல் கடத்திப் பட்டைகள், முன்சக்கரக் கதவு, எஞ்சின் வாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுட்டுக்கோடு, ஓரத்தில் பெயர். வெள்ளை உடல், நீல வானம், இருண்ட எஞ்சின் வாய் ஆகிய மூன்றின் மேலும் ஒரே கோடு ஒரே தெளிவோடு ஓடுகிறது. மாடல் கட்டும்போது மேசையில் வைத்துப் பார்க்க இனி இதுவே போதும்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. பெயின்ட் வகையறாவில் எழுத்தை ஒருமுறை பதித்துவிட்டால் திருத்த முடியாது. அதனால் அது கணக்கிலேயே இல்லை. ஜிம்ப் படத்தைத் திருத்த அருமையானது, 3.0 பதிப்பில் எழுத்துக்கு வெளிக்கோடு போடும் வசதியும் வந்துவிட்டது. ஆனால் அதில் தூரிகையால் இழுத்த கோடு பிக்சலாக உறைந்துவிடும். பத்துப் பெயர் வைத்த பிறகு பதினொன்றாவதற்கு இடம் வேண்டுமென்றால் முந்தையவற்றை நகர்த்தியே ஆக வேண்டும். அங்கே ஜிம்ப் கைவிடும். லிப்ரே ஆபீஸ் டிரா சின்ன வேலைக்கு மட்டும் போதும். இங்க்ஸ்கேப் வெக்டர் வரைபட மென்பொருள், அதில் கோட்டையும் எழுத்தையும் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். எனவே வெளிச்சத் திருத்தம் ஜிம்ப்பில், கோடும் எழுத்தும் இங்க்ஸ்கேப்பில். இரண்டும் இலவசம்.

படத்தை உள்ளே எடுக்கும்போது வரும் பெட்டியைப் படிக்காமல் சரி சொல்லிவிடாதீர்கள். கேமராப் படத்தில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று பதிந்திருந்து, கோப்பில் உள்ளதையே எடுத்துக்கொள் என்று விட்டால், 3000 பிக்சல் அகலப் படம் 960 அலகு அகலத்தில் வந்து உட்காரும். இங்க்ஸ்கேப்பின் கணக்கு ஓர் அங்குலத்துக்கு 96 என்பதுதான் காரணம். அதன்பின் கோட்டுத் தடிமன், எழுத்தளவு எல்லாமே மூன்று மடங்குக்கு மேல் பிசகும். இயல்புத் தெளிவு, அதாவது 96, என்பதைத் தேர்ந்தால் ஒரு பிக்சலுக்கு ஓர் அலகு. ஏற்றுமதியிலும் 96 கொடுத்தால் போட்ட அளவு அப்படியே வரும். படத்தை உள்ளேயே பொதிப்பதா, இணைப்பாக வைப்பதா என்ற கேள்விக்கு என் விடை இணைப்புதான். பொதித்தால் கோப்பு மூலப்படத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், ஒவ்வொரு சேமிப்பும் இழுக்கும். இணைப்பு அறுந்துபோகாமல் இருக்கப் படமும் இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும்.

இப்போது சுட்டுக்கோடு. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஒற்றை நிறக் கோடு விமானப் படத்தில் எடுபடாது. கருப்பு, எஞ்சின் வாயில் மறையும். வெள்ளை, உடலில் மறையும். சிவப்பு தெரிகிறதே என்பார்கள்; விமானத்தின் மேலேயே சிவப்பு எச்சரிக்கை எழுத்தும் அம்புக்குறியும் இருக்கின்றன, எது படத்துக்குச் சொந்தம், எது நாம் போட்டது என்று பிரிக்க முடியாது. ஆகவே இரட்டைக் கோடு: கீழே தடித்த வெள்ளை, மேலே மெல்லிய கருப்பு. 2400 பிக்சல் அகலப் படத்துக்குக் கருப்பு 4, வெள்ளை 8. அதாவது கருப்பின் இருபுறமும் 2 பிக்சல் வெள்ளை விளிம்பு. திரையில் படம் பாதியாகச் சுருங்கினாலும் ஒரு பிக்சல் விளிம்பு மிஞ்சும்; அதற்குக் கீழே போனால் விளிம்பே இல்லாதது போலத்தான். முழுக் கருப்புக்குப் பதில் வண்ணப்பட்டையில் உள்ள 90% சாம்பல் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

இரட்டைக் கோட்டை எப்படிப் போடுவது என்பதில்தான் உயிர் போகும். கோட்டை நகலெடுத்து, தடிமனாக்கி, கீழே தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. பார்க்க நன்றாகவே வரும். பிறகு ஒரு பெயரை இடம் மாற்றினால் இரண்டு கோட்டின் முனைகளையும் தனித்தனியாக இழுக்க வேண்டும். அரை பிக்சல் விலகினாலும் விளிம்பு ஒருபக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போகும். நிழல் ஃபில்டர் போட்டால் கோட்டோடு சேர்ந்தே நகரும் என்பது உண்மை. ஆனால் இருபது கோட்டுக்கு ஃபில்டர் போட்டபின் திரையைப் பெரிதாக்கிச் சிறிதாக்குவதே பெரும்பாடு.

நிலைத்த தீர்வு குளோன், அதாவது மூலத்தை மாற்றினால் தானும் கூடவே மாறும் நகல். வரிசை இது:

பெசியர் கருவியால் கோட்டை வரையுங்கள். பாகத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு, இரண்டையும் தேர்ந்து கண்ட்ரோல்+கே அழுத்தி ஒரே பாதையாக்குங்கள். நிரப்பு வேண்டாம் என்று வையுங்கள். கோட்டின் முனை, மூலை இரண்டையும் வட்ட வடிவுக்கு மாற்றுங்கள். பிறகு ஷிஃப்ட்+கண்ட்ரோல்+எக்ஸ் அழுத்தி எக்ஸ்எம்எல் திருத்தியைத் திறந்து, அந்தப் பாதையின் ஸ்டைல் வரியிலிருந்து கோட்டு நிறம் (stroke), கோட்டுத் தடிமன் (stroke-width) என்ற இரண்டை மட்டும் நீக்குங்கள். கோடு திரையிலிருந்து மறையும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் மறைய வேண்டும். அது தேர்விலிருக்கும்போதே ஆல்ட்+டி: முதல் குளோன். இப்போது தேர்விலிருப்பது குளோன் என்பதால், ஷிஃப்ட்+டி அழுத்தி மூலத்தை மறுபடி தேர்ந்து இன்னொரு ஆல்ட்+டி: இரண்டாவது குளோன். கீழுள்ளதற்கு வெள்ளை, 8. மேலுள்ளதற்குச் சாம்பல், 4. மூலத்தில் நிறமும் தடிமனும் இல்லாததால்தான் குளோன்கள் தத்தம் நிறத்தை ஏற்கின்றன. மூலத்தில் இவற்றில் எது மிச்சமிருந்தாலும், அதைக் குளோனில் எப்படி மாற்றினாலும் அசையாது. "குளோனுக்கு நிறம் மாறவில்லை" என்று புலம்புவோர் எல்லோருக்கும் காரணம் இதுதான். முனை வடிவத்தை மூலத்திலேயே விட்டுவைத்தால் இரு குளோன்களும் அதை எடுத்துக்கொள்ளும்.

இனி பெயரை நகர்த்த வேண்டுமா? எந்தக் குளோனையாவது தேர்ந்து ஷிஃப்ட்+டி. மறைந்திருக்கும் மூலம் தேர்வாகும். எஃப்2 அழுத்தி நோடை (கோட்டின் முனை அல்லது மடிப்புப் புள்ளியை) இழுத்தால் வெள்ளையும் சாம்பலும் ஒன்றாக வரும். முதன்முறை அப்படி வரும்போது கிடைக்கும் நிம்மதி தனி.

ஒரு பொறி உண்டு. மூலம், இரண்டு குளோன் மூன்றையும் சேர்த்துக் கண்ட்ரோல்+டி போட்டு அடுத்த கோட்டை உண்டாக்கினால், புதிய குளோன்கள் பழைய மூலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். விருப்பத்தேர்வுகளில் நடத்தை, அதனுள் குளோன்கள், அங்கே நகலெடுத்த குளோன்களை மறுபடி இணைக்கும் பெட்டியில் முதலிலேயே டிக் செய்துவிடுங்கள்.

வட்டத்தையும் கோட்டையும் ஏன் ஒரே பாதையாக்க வேண்டும் என்றால், தனித்தனி ஜோடியாக வைத்தால் வட்டத்தின் வெள்ளை விளிம்பு கோட்டின் கருப்பை வெட்டிக்கொண்டு போகும். ஒரே பாதை என்றால் எல்லா வெள்ளையும் அடியில், எல்லாக் கருப்பும் மேலே. வட்ட முனை ஏன் என்றால், தட்டை முனையில் இரு கோடும் ஒரே புள்ளியில் முடிந்து நுனியில் விளிம்பே இருக்காது. மூலை கூராக இருந்தால் வளைவில் வெள்ளை முள் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும்.

நுனியில் அம்புத்தலை வேண்டவே வேண்டாம். காற்றழுத்தம் அளக்கும் நிலையழுத்தத் துளை படத்தில் ஐந்தாறு பிக்சல்தான் இருக்கும். அம்புத்தலை அதையே மூடிவிடும். சின்னப் பாகத்துக்குச் சுற்றி வட்டம், கோடு வட்டத்தின் வெளிவிளிம்பில் நிற்க வேண்டும். கதவு, தகடு போன்ற பரப்புக்கு நடுவில் ஒரு புள்ளி. வரிசையாக நிற்கும் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்களுக்கு (காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு தகடுகள்) ஓர் அடைப்புக்கோடு, அதன் நடுவிலிருந்து ஒரே சுட்டுக்கோடு.

கோணத்தையும் கவனியுங்கள். உடலின் நீளத்துக்கு இணையாக ஓடும் சுட்டுக்கோடு தகட்டு இணைப்புக்கோடு போலவே தெரியும். ரேடோமில் இது இன்னும் மோசம், மின்னல் கடத்திப் பட்டைகளே மெல்லிய கோடுகள்தான். இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருக்கும் நிலைமின் இறக்கிகளும் அப்படியே. அங்கெல்லாம் கோடு 45 அல்லது 60 பாகையில் குறுக்கே வர வேண்டும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு வரைந்தால் கோணம் 15 பாகைப் படிகளில் நிற்கும். பெயர்ப் பக்கம் கிடைமட்டத் துண்டு, பிறகு ஒரே ஒரு மடிப்பு, பிறகு பாகம். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் பெயர்களின் மேல் கீழ் வரிசையை மாற்றுங்கள். அநேகமாக அதிலேயே தீர்ந்துவிடும்.

வெயில் படத்தில் இன்னொன்று: பிட்டோ குழாயின் நிழல் உடல்மேல் குழாயைவிடக் கருப்பாக, நீளமாக விழுந்திருக்கும். வட்டம் நிழலைச் சுற்றி விழாமல் 400% பெருக்கிப் பார்த்தே போட வேண்டும். இடப்பக்கப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பி வலப்பக்கம் என்று வைப்பதும் கூடாது. 737-800இல் இடப்பக்கம் ஒரு பிட்டோ குழாய், வலப்பக்கம் இரண்டு. திருப்பிய படத்தை நம்பி மாடலில் துளை போட்டவர் பிறகு புட்டி வைத்து அடைக்க வேண்டியதுதான்.

எழுத்துக்கு வருவோம். தமிழ்ப் பெயர்கள் நீளம். "தாக்குகோண உணரி", "முன்சக்கரக் கதவு" எல்லாம் படத்துக்குள் அடங்காது, அடக்கினாலும் பாகங்களை மறைக்கும். ஆவணப் பண்புகளில் பக்க அகலத்தை இருபுறமும் 600 பிக்சல் கூட்டி, பெயர்களை அந்த வெற்றுப் பட்டையில் வையுங்கள். இடப் பட்டையில் வலச்சீர், வலப் பட்டையில் இடச்சீர். அப்போதுதான் கோடுகள் ஒரே நேர்வரியில் தொடங்கும். எழுத்தளவு 44 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். படம் பாதியாகும்போது ணை, ஞூ போன்றவற்றின் உள்சுழிகள் முதலில் அடைபடும். இரண்டு வரிப் பெயருக்கு வரி இடைவெளி 1.35 சரியாக இருக்கிறது. அதற்குக் குறைந்தால் மேல்வரியின் உகரக் கீழ்க்கொம்பும் கீழ்வரியின் புள்ளியும் முட்டும்.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், நடுத்தரத் தடிப்பு. முக்தா மலரும் நன்றாகவே இருக்கிறது, சற்றே குறுகலானது என்பதால் நீளப் பெயருக்கு உதவும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களைத் தொடவே தொடாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடாக இருந்தாலும் எஸ்விஜி கோப்பை அடுத்தவருக்குக் கொடுக்கும்முன் ஒரு நகலெடுத்து, அதில் மட்டும் எழுத்துகளைப் பாதையாக மாற்றிவிடுங்கள், ஷிஃப்ட்+கண்ட்ரோல்+சி. மூலக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும், திருத்தம் வராமல் இருக்காது. படத்தின் மேலேயே எழுத்து வைத்தாக வேண்டிய இடத்தில் வெள்ளை வெளிக்கோடு போட்டு, கோட்டுப் பாணித் தாவலில் வரிசையை மாற்றி, கோடு அடியிலும் நிரப்பு மேலேயும் வரச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வெளிக்கோடு எழுத்தையே உள்நோக்கித் தின்றுவிடும்.

படங்கள் கிடைக்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. விக்கிமீடியா காமன்ஸ் பெரிய களஞ்சியம், முழுத் தெளிவில் இறக்கலாம். உரிமத்தைப் பார்த்தே எடுங்கள்: சிசி பை-எஸ்ஏ என்றால் படம் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும், பெயர் குறித்த நம் படத்தைப் பகிரும்போது அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். பெயரையும் உரிமத்தையும் வலக்கீழ் மூலையில் சிற்றெழுத்தில் எஸ்விஜியிலேயே சேர்த்துவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை. நாசாவின் படங்கள் பெரும்பாலும் பதிப்புரிமைக் கட்டு இல்லாதவை. ஆய்வு விமானங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது பொற்சுரங்கம்.

ஏற்றுமதி பிஎன்ஜியில். ஜேபெக்கில் கொடுத்தால் மெல்லிய கோட்டைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் படரும், இவ்வளவு பாடுபட்ட வெள்ளை விளிம்பு அங்கேதான் கெடும்.

வலப்பக்கப் படத்துக்கு வட்டங்கள் மட்டும் போட்டாயிற்று, பெயர்கள் பாக்கி. அதற்குள் மனம் பிரதான சக்கரக் குழிக்குப் போய்விட்டது. 737இல் பிரதானச் சக்கரங்களை முழுதாக மூடும் கதவு கிடையாது, மேலேறிய பின்னும் சக்கரத்தின் பக்கம் வெளியே தெரியும். குழிக்குள் குழாய்களும் கம்பிகளும் அடர்ந்து கிடக்கும். அங்கே நிறங்களைத் தலைகீழாக்கி, மேலே மஞ்சள் 4, அடியில் கருப்பு 8 என்று சோதித்ததில் இருட்டில் நன்றாக எடுபடுகிறது. ஆனால் பெயர்கள் இருபதைத் தாண்டும். கோட்டு நுனியில் எண், அடியில் எண்வரிசைப் பட்டியல் என்று மாற்றினால்தான் தாங்கும். ஜிம்ப்பில் நிழல்-ஒளி திருத்தத்தில் நிழலை எவ்வளவு ஏற்றலாம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். அளவு மீறி ஏற்றினால் இருட்டில் உள்ள இரைச்சல் புள்ளிகள் குழாய் மூட்டுகள் போலவே தோன்றுகின்றன.