கொழும்பு வானம், 1942: ஒரு மேசைப் போர் விளையாட்டின் நாட்குறிப்பு

பெப்ரவரி 2, ஞாயிறு

அடுத்த விளையாட்டு கொழும்புதான் என்று முடிவெடுத்தாச்சு. பிரித்தானியச் சண்டை, மிட்வே என்று எங்கெங்கோ நடந்ததையெல்லாம் மேசையில் பறக்கவிட்டோம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேலேயே நடந்த வான்சண்டையை மட்டும் தொடாமல் இருந்தோம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து 91 குண்டுவீச்சு விமானங்களும் 36 ஜீரோ போர் விமானங்களும் வந்தன. தலைமை தாங்கியவர் பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடத்திய அதே ஃபுச்சிடா. எதிர்கொள்ள, தெற்கே இரத்மலானையில் பிரித்தானிய விமானப்படையின் 30ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு). வடக்கே கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலை அவசரமாக ஓடுபாதையாக்கி, அங்கே 258ஆம் ஸ்குவாட்ரன். இரண்டிலும் ஹரிக்கேன் போர் விமானங்கள். கூடவே கடற்படையின் ஃபுல்மார்கள் சில.

பந்தயத் திடலில் விமானத்தளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. இந்த ஒரு தகவலுக்காகவே இந்தச் சண்டையை ஆடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

பெப்ரவரி 9

இன்று முழுக்கக் கணக்கு. மேலே ஏறிய பிரித்தானியப் போர் விமானங்கள் நாற்பதுக்குச் சற்று மேல்; அவற்றில் ஏறத்தாழ பாதி திரும்பவில்லை. 258இல் இருந்து கிளம்பியவை 14, விழுந்தவை 9. ஜப்பான் பக்கம் போனவை ஏழு: டைவ் குண்டுவீச்சு விமானங்கள் (மேலேயிருந்து பாய்ந்து இறங்கிக் குண்டுபோடுபவை) ஆறு, ஜீரோ ஒன்றே ஒன்று. அன்று பிரித்தானிய விமானிகள் தாங்கள் வீழ்த்தியதாகச் சொன்னது இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு விமானத்தை இரண்டு பேர் சுடுவார்கள், இரண்டு பேரும் புகையைப் பார்ப்பார்கள், அது விழுந்ததா தப்பியதா என்று நின்று பார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

இதை விதியாக்கப் போகிறேன். சேதக் கணக்கு நடுவரிடம் மட்டும் இருக்கும். ஆடுபவர் "புகை வருது" என்ற அளவில்தான் அறிவார். ஆட்டம் முடிந்தபிறகே உண்மையான எண்ணிக்கை.

பெப்ரவரி 16

அளவுத்திட்டம் படிந்துவிட்டது. ஓர் அறுகோணக் கட்டம் 100 மீட்டர், ஒரு சுற்று மூன்று விநாடி. அப்படி வைத்தால் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் சுற்றுக்கு நான்கு கட்டம் நகரும். மனக்கணக்கிலேயே ஆடலாம், அட்டவணை வேண்டாம்.

ஜீரோவின் குணமும் இதில் நன்றாக அடங்குகிறது. அதன் இரண்டு 20 மி.மீ. பீரங்கிகளுக்குத் தலா 60 குண்டுகள்தான். சுமார் ஏழு விநாடி சுட்டால் தீர்ந்துவிடும், அதாவது இரண்டு சுற்று. அதற்குப்பிறகு இருப்பது 7.7 மி.மீ. துப்பாக்கிகள் இரண்டு மட்டும். ஹரிக்கேன் IIBயில் பன்னிரண்டு சிறு துப்பாக்கிகள். அதற்கு ஐந்து சூட்டு வில்லைகள் கொடுத்திருக்கிறேன். மெதுவான வேகத்தில் ஜீரோவைப்போல வளைய யாராலும் முடியாது. ஆனால் நான்கு கட்ட வேகத்தைத் தாண்டியதும் அதன் இறக்கைக் கட்டுப்பாடுகள் இறுகிவிடும், புரளவே நேரமெடுக்கும். எனவே அந்த வேகத்துக்கு மேல் ஜீரோ திரும்ப ஒரு சுற்று கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். எண்ணெய்த் தாங்கிக்குப் பாதுகாப்பு உறை இல்லை, விமானிக்குக் கவசத் தகடு இல்லை என்பதால் பகடையில் அடி விழுந்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

மார்ச் 2

1/300 அளவில் விமான மாதிரிகளின் முதல் தொகுதி ரெசின் பிரிண்டரில் இருந்து வந்தது. மருமகன் இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டும் ஒரே அளவாத்தானே கிடக்குது?" என்றான். சரியாகத்தான் பிடித்தான். ஹரிக்கேனின் இறக்கை அகலம் 12.19 மீட்டர், ஜீரோவுக்கு 12. மேசையில் இரண்டும் நான்கு சென்டிமீட்டர் சொச்சம். வித்தியாசமெல்லாம் எடையிலும் இறக்கையின் தடிப்பிலும்.

ஹரிக்கேனுக்கு மேலே கரும்பச்சையும் மண்நிறமும். வட்ட அடையாளத்தின் நடுவில் சிவப்பு வைத்தேன். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று அந்தச் சிவப்பைப் பிற்பாடுதான் நீக்கினார்கள். ஜீரோவுக்கு சாம்பல்நிறம், உடற்பகுதியில் கப்பலைக் காட்டும் பட்டைகள்: அகாகிக்கு ஒரு சிவப்பு, சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு நீலம். மேசையில் யாருடைய விமானம் எது என்று தெரிய இந்தப் பட்டைகள் பெரிய உதவி.

மார்ச் 9

உயரம் காட்ட, பழைய ரேடியோ ஏரியல்களின் நுனியில் சின்னக் காந்தம். இழுத்தால் ஏறும், அழுத்தினால் இறங்கும். இதைவிட நல்ல தாங்கி எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் 16

இந்த விளையாட்டின் உயிரே இன்றைய வேலையில்தான் இருக்கிறது.

ஹரிக்கேன் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 800 மீட்டர் ஏறும். 3000 மீட்டர் உயரத்துக்கு நான்கு நிமிடம் வேண்டும். என் மூன்று விநாடிச் சுற்றில் அது எழுபதுக்கு மேற்பட்ட சுற்றுகள். அதை யாரும் மேசையில் உட்கார்ந்து ஆடமுடியாது. பெரும்பாலான விதிநூல்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன: இரண்டு தரப்பையும் சம உயரத்தில் எதிரெதிரே வைத்து, ஆடு என்கின்றன. கொழும்பை அப்படி ஆடினால் அது கொழும்பே இல்லை. முந்தின நாள், ஏப்ரல் 4, கொக்கலையில் இருந்து போன கனேடியக் கட்டலினா விமானம், பேர்ச்சல் ஓட்டியது, கப்பல் அணியைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுத்தான் சுட்டு வீழ்த்தப்பட்டது. தீவே காத்திருந்தது. அப்படியிருந்தும் காலையில் கொழும்பு ரேடாரில் இருந்து எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானை விமானிகள் ஓடிப்போய் ஏறியபோது ஜப்பானியர் தலைக்கு மேலே இருந்தார்கள். முதல் குண்டு சுடப்படும் முன்பே பாதி முடிவாகிவிட்டது.

ஆகவே ஆட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். முதலாவது நிமிடக் கடிகாரம். நடுவர் நிமிடத்துக்கு ஓர் அட்டை எடுப்பார். எச்சரிக்கை வந்தால் இன்ஜின், ஓட்டம், பிறகு நிமிடத்துக்கு 800 மீட்டர். "வந்துட்டாங்கள்" என்ற அட்டை எந்த நிமிடத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அது விழுந்ததும் எந்த விமானம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏரியலை அந்த அளவுக்கு இழுத்து வரைபடத்தில் வைக்க வேண்டும். சண்டை அங்கிருந்து தொடங்கும். 258க்கு யாரும் தொந்தரவு செய்யாத சில நிமிடங்கள் உண்டு. 30க்கு இல்லை.

மார்ச் 23

திருகோணமலை, சீனக்குடாவில் இருந்து கொழும்புக்கு டோர்பீடோவோடு வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்ஃபிஷ்கள் அன்று காலை ஜீரோக்களிடம் மாட்டின. இரட்டைத்தட்டு இறக்கைகளுடைய, மிக மெதுவான விமானங்கள். ஆறும் வீழ்ந்தன. அதையும் ஒரு காட்சியாகச் சேர்க்கலாமே என்று எங்கள் குழுவில் மூத்த அண்ணை கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் எதையும் தீர்மானிக்க வழியில்லாத இடத்தில் விளையாட்டு இல்லை. விதிநூலில் ஒரு பத்தி எழுதி, அந்த ஆறு விமானங்களில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லி நிறுத்துகிறேன். அண்ணை சற்று யோசித்து, "அதுதான் சரி தம்பி" என்றார்.

வெற்றிப் புள்ளிகளும் மாறின. விழுத்திய விமானத்துக்குக் குறைவு, துறைமுகத்துக்கு அதிகம். கப்பல்களில் பெரும்பகுதியை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். மிஞ்சியதில் டெனடோஸ், ஹெக்டர் இரண்டும் மூழ்கின. உயிரோடு தரையிறங்கும் ஹரிக்கேனுக்குத் தனிப் புள்ளி. அடுத்த வாரம் பறக்க ஆள் வேண்டுமே.

ஏப்ரல் 5, சனி

முழு ஆட்டம், காலையில் இருந்து மாலை வரை. அண்ணை ஜப்பான், மருமகன் 30ஆம் ஸ்குவாட்ரன், நான் நடுவர்.

இரண்டாம் நிமிடத்திலேயே அந்த அட்டை விழுந்தது. மருமகனின் ஹரிக்கேன்கள் பாதி இன்னும் ஓடுபாதையில். முதலில் எழும்பியவை ஜீரோக்களோடு வளைந்து சண்டை பிடித்து அடுத்தடுத்து விழுந்தன. மிஞ்சியதை வைத்து அவன் ஒரு காரியம் செய்தான். சண்டைக்கே வராமல், மரத்து உயரத்தில் பொல்கொட ஏரிப் பக்கம் ஓட்டிப்போய், அங்கே சுற்றிச் சுற்றி உயரம் சேர்த்தான். அண்ணை துறைமுகத்தில் குண்டுபோட்டு முடித்துத் திரும்பிய நேரம், மேலேயிருந்து ஐந்து கட்ட வேகத்தில் இறங்கி டைவ் குண்டுவீச்சு விமானங்களை ஒரே தடவை சுட்டுவிட்டு, நிற்காமல் கடலுக்கு மேலே போய்விட்டான். ஜீரோக்கள் திரும்ப எடுத்த அந்த ஒரு சுற்றில் அவன் எட்டாத தூரம்.

தான் ஐந்து விழுத்தியதாக நம்பினான். என் தாளில் இரண்டு. இருவரும் தாளை வாங்கி ஒவ்வொரு சூடாகச் சரிபார்த்தார்கள், யாரும் மறுக்கவில்லை.

அடுத்தது ஏப்ரல் 9, திருகோணமலை. அங்கே ரேடார் நேரத்தோடு கண்டது, 261ஆம் ஸ்குவாட்ரன் உயரத்தில் காத்திருந்தது. அப்படியிருந்தும் இழப்பு கடுமையாகத்தான் இருந்தது. சண்டை விதிகளை அப்படியே வைத்து, நிமிட அட்டைக்கட்டை மட்டும் மாற்றி ஆடப்போகிறோம். உயரம் கையில் இருந்தும் எண்ணிக்கை எவ்வளவு தூரம் அமுக்குகிறது என்று அப்போது தெரியும். குண்டுவீச்சு விமானங்களுக்கான அச்சு நாளை இரவு தொடங்குகிறது.