நீடாமங்கலம் ரயில்வே கேட்டும் ஒரு பத்து மணியும்

போன வருடம் வேளாங்கண்ணி நடைப்பயணத்தில் நான் நீடாமங்கலத்தோடு நின்றுவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து 30 கிலோமீட்டர்தான் நடந்திருப்பேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கேட் ஒருமுறை விழுந்தால் எப்போது தூக்குவார்கள் என்று சொல்ல முடியாது, சரி என்று ரோட்டோரம் உட்கார்ந்தேன், கேட் திறந்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து செருப்பு வார் தோலோடு ஒட்டியிருந்தது. குழு சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு மரியே வாழ்க சொல்லி முன்னால் போனது. நான் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினேன். கணவரின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நடை அது. வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. காலில் அப்படிப் புண் வரவிடலாமா என்று டாக்டர் நன்றாகத் திட்டினார். நியாயம்தான். நேர்ச்சை வைத்தால் போதும், மாதா நடக்க வைத்துவிடுவார்கள் என்று நம்பி, முன்பின் ஒரு கிலோமீட்டர்கூட நடந்து பழகாமல் கிளம்பியிருந்தேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து இதை ஃபாதரிடம் சொன்னேன். செபமாலை மாதம் அது, மாலையின் மணி ஒவ்வொன்றையும் உருட்டி ஒரு அருள் நிறைந்த மரியே செபம் என்று தினமும் 53 மணி செபமாலையும் சொல்லி ஒரு மணி நேரம் நடக்கப் போகிறேன் என்றேன். அவர் உடனே, "வேண்டாம்மா, ஒரு பத்து மணி மட்டும் சொல்லுங்க. ஆனா தினமும் சொல்லுங்க" என்றார். அப்புறம் ஆண்டவர் வானத்திலிருந்து தந்த உணவான மன்னாவைப் பற்றிப் பேசினார். பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்கள் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார் ஆண்டவர், நாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுக்கு அது புழு வைத்து நாறிப்போனது, பைபிளில் விடுதலைப் பயணம் 16இல் இருக்கிறது. எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். பரலோக மந்திரத்தில் எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும் என்று தினமும் சொல்கிறோமே, அந்த 'இன்று' என்ற சொல் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

காலை ஐந்தரைக்குப் பால் வாங்க எப்படியும் வெளியே போவேன். அதோடு சேர்த்துக்கொண்டேன். வாசலைத் தாண்டியதும் ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ். அதைச் சொல்லி முடிக்கும் இடத்தில் ரேஷன் கடை இருக்கும். அவ்வளவுதான், அங்கிருந்து திரும்பி பால் வாங்கி வந்துவிடுவேன். மூன்று வாரம் கழித்து இரண்டு பத்து மணி ஆனது, அது மாவு மில் வரை. கிறிஸ்துமஸுக்குள் ஐந்து பத்தும் முடிந்து புதாற்றுப் பாலத்தில் நின்றேன். தூரத்தை நான் கிலோமீட்டரில் கணக்குப் பார்க்கவே இல்லை, மணியில்தான் பார்த்தேன்.

நடுவில் விட்டுப்போகாமல் இல்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்துவிட்டேன். பத்தாவது நாள் விட்டதை எல்லாம் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று மாலையைக் கையில் எடுத்தேன். மன்னா ஞாபகம் வந்தது. அன்றைக்கு உள்ள ஒரு பத்து மணியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பழைய நானாக இருந்தால் ஒன்பது நாள் போய்விட்டதே என்று மொத்தமாக விட்டிருப்பேன், எத்தனை நல்ல காரியத்தை அப்படி விட்டிருக்கிறேன்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று டீயில் கை வைத்தேன். இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஒன்றானது, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வரும் குருத்து ஞாயிறுக்கு முன்பே அதுவும் போய்விட்டது. இப்போது யார் வீட்டிலாவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் நாக்கு ஏற்க மாட்டேன் என்கிறது.

இந்த வருடம் ஆகஸ்ட் 25 விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். காவிச் சேலை, காலில் சாக்ஸ், கான்வாஸ் ஷூ. எங்களோடு வந்த பெரியவர்கள் பலர் வெறுங்காலோடு நடந்தார்கள், எனக்கு டாக்டர் சொன்னது சொன்னதுதான். அம்மாபேட்டையில் இரவு தங்கல். வெயில் ஏறினால் ஏதாவது மண்டபத்தில் படுப்போம், சாயங்காலம் திரும்ப நடை. வழியெங்கும் மோர்ப் பானை, தண்ணீர் பாக்கெட், எலுமிச்சைச் சாதம். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மா என் கையில் பொட்டலத்தைத் திணித்து, "மாதாகிட்ட எங்க வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு தாயி" என்றார்.

இரண்டாம் நாள் நீடாமங்கலம். கேட் மூடியிருந்தது. போன வருடம் உட்கார்ந்த அதே இடம்தான், பக்கத்திலேயே பஸ். குதிகால் எரிய ஆரம்பித்திருந்தது, கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகை என்று மீதி ஊர்களை மனம் வரிசையாக எண்ணிப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. உட்காரவில்லை, நின்றபடியே மாலையை எடுத்தேன். மரமணி மாலை, ஒரு வருடம் கட்டைவிரல் பட்டுப் பட்டு முதல் பத்து மணி மட்டும் சாயம் போய் வெளுத்திருந்தது. அதைச் சொன்னேன். ரயில் போனது, கேட் திறந்தது, பாலத்தடி வரை இன்னொரு பத்து மணி. அங்கிருந்து ஒன்று. திருவாரூர் வரை நான் வேறெதையும் நினைக்கவில்லை.

28ஆம் தேதி சாயங்காலம் வேளாங்கண்ணி. தூரத்தில் வெள்ளைக் கோபுரம் தெரிந்ததும் எங்கள் குழுவில் பாட்டு நின்று அழுகைதான் கேட்டது. மறுநாள் மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் மாதா குளத்துப் பாதையில் கொஞ்ச தூரம் முழங்காலில் போனேன். மணல் அந்த நேரத்தில் குளிர்ச்சியாக இருந்தது. கையில் மெழுகுவர்த்தி, முன்னால் ஒரு சின்னப் பையன் தன் அம்மாவோடு நகர்ந்துகொண்டிருந்தான். கணவருக்காக நன்றி சொன்னேன், எலுமிச்சைச் சாதம் தந்த அம்மாவின் வீட்டுக்காகவும் மறக்காமல் சொன்னேன்.

கொடியேற்றத்தை வீட்டிலிருந்து டிவியில் பார்த்த நாத்தனார் அன்றிரவே போன் பண்ணி, "அண்ணி, அடுத்த வருஷம் நானும் வரேன், இப்பவே எவ்வளவு நடக்கணும்?" என்று கேட்டாள். ஒரு பத்து மணி என்றேன். இப்போது காலை ஐந்தரைக்கு என் வாசலில் பால் கூடையோடு நிற்கிறாள், நாங்கள் இன்னும் ரேஷன் கடை வரைதான் போகிறோம்.