யு.பி.யு.வில் கணினி அறிவியல் கேட்டு விண்ணப்பித்த கதை

மலேசியாவில் ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வந்த அன்று என் கையில் இருந்த எண், நான்குக்கு 3.67. பொதுப்பாடத்தில் ஏ, கணிதம் (T) பாடத்திலும் வேதியியலிலும் ஏ மைனஸ், இயற்பியலில் பி பிளஸ். அப்பா பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து வந்து, காலணியைக் கூடக் கழற்றாமல் தாளை இரண்டு முறை படித்தார். அப்புறம் கேட்டார்: "அடுத்து என்னம்மா செய்யணும்?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வோடு வேலைக்குப் போனவர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இன்னொரு படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்காமல்தான் நான் ஆறாம் படிவத்துக்கே வந்தேன். கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பது மட்டும் உறுதியாக இருந்தது. அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கு யு.பி.யு. என்ற பொது இணைய முறையில் விண்ணப்பிக்க வேண்டும்; அதில் எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மூன்றாவது வீட்டு அக்கா ஒருவர் பாங்கி நகரில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்திருந்தார். அன்று சாயங்காலமே போய்க் கதவைத் தட்டினேன்.

"முதல்ல விண்ணப்பப் பாரத்தத் தொறக்காதம்மா. ஒரு தாளும் பேனாவும் கொண்டு வா" என்றார்.

இடம் கொடுக்க மாணவர்களை வரிசைப்படுத்தும் மெரிட் கணக்கை அன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். நூறில் 90 புள்ளி கல்விக்கு, 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. என் 3.67-ஐ 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 82.58 வருகிறது. அதோடு புறப்பாடப் புள்ளியைச் சேர்க்க வேண்டும். பள்ளி கொடுத்த அறிக்கையில் எனக்கு 5.8 என்று இருந்தது. ஆக 88.38.

அக்கா அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ மாநில அளவுல கபடி ஆடின இல்ல? அது எங்க?" என்று கேட்டார். இல்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையில் நான் வகித்த பொறுப்பும் இல்லை. சான்றிதழ்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தன, பதிவேட்டில்தான் ஏறவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பொறுப்பாசிரியர், பட்டியல் அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது, இனி திருத்துவது கஷ்டம் என்றார். நான் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்கு அழைத்தார். ஒவ்வொரு சான்றிதழாகச் சரிபார்த்துத் திருத்தியபோது புறப்பாடப் புள்ளி 8.2 ஆனது. மெரிட் 90.78.

இந்த 2.4 புள்ளியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தேர்வின் வழியே இதே 2.4-ஐப் பெற வேண்டுமானால், பி.என்.ஜி.கே. எனப்படும் நான்குக்கான அந்தச் சராசரி 0.1-க்கும் மேல் உயர வேண்டும். அதற்கு ஒரு பாடத்தில் ஒரு கிரேடுக்கு மேல் ஏற வேண்டும். ஒன்றரை வருடம், மூன்று பருவம் உழைத்த பிள்ளைகள் ஒரு பதிவு விடுபட்டதால் பின்னால் தள்ளப்படுவதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ஆறாம் படிவத்தில் இருக்கும்போதே அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது நம் உரிமை.

சரி, அடுத்தது எந்தத் துறைகள் வேண்டும் என்று தரும் விருப்பப் பட்டியல். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் யு.பி.யு.வில் 12 துறைகள் வரை வரிசைப்படுத்தலாம். கடைசியில் கிடைப்பது ஓர் இடம்தான். நான் "கணினி அறிவியல்" என்று ஒரே ஒரு துறை இருப்பதாக நினைத்திருந்தேன். உள்ளே போனால் மென்பொருள் பொறியியல், தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, வலையமைப்பு, தகவல் முறைமை, கணினிப் பாதுகாப்பு என்று விரிகிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒரு விதம், ஸ்கூடாயில் இருக்கும் யு.டி.எம். பல்கலைக்கழகத்தில் ஒரு விதம், மலாக்காவில் இருக்கும் யு.டெம் பல்கலைக்கழகத்தில் வேறு விதம். பெயரைப் பார்த்து ஆசைப்படாமல், ஒவ்வொன்றுக்கும் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலை அந்தந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் எடுத்துப் படித்தேன். தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்பு, இயக்கமுறைமை மூன்றும் அழுத்தமாக இருக்கும் இடம்தான் எனக்கு வேண்டும் என்று அப்போது தெளிவானது. தகவல் தொழில்நுட்பம் என்ற பெயரில் வருவதில் நிர்வாகப் பாடங்கள் கூடுதலாக இருந்தன. அது சிலருக்கு மிகவும் பொருந்தும், எனக்குப் பொருந்தாது.

யு.பி.யு.வின் இணைய வழிகாட்டியான ஈ-பண்டுவான் பக்கத்தில் ஒவ்வொரு துறைக்கும் பொதுத் தகுதி, சிறப்புத் தகுதி என்று இரண்டு பகுதி உண்டு. பொதுத் தகுதி எல்லாருக்கும் ஒன்றுதான்: எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியில் கிரெடிட் என்ற உயர்நிலைத் தேர்ச்சி, வரலாற்றில் தேர்ச்சி, அப்புறம் மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். கவனம் வைக்க வேண்டியது சிறப்புத் தகுதியில். எந்தப் பாடத்தில் என்ன கிரேடு, எஸ்.பி.எம். கூடுதல் கணிதம் தேவையா, மூயெட்டில் எத்தனையாவது பேண்ட் (தரநிலை) என்று அங்கேதான் இருக்கும். ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு என்னைவிட நல்ல பி.என்.ஜி.கே. ஆனால் மூயெட் பேண்ட் ஒரு படி குறைந்ததால் அவள் ஆசைப்பட்ட இரண்டு துறைகளுக்கு விண்ணப்பமே போட முடியவில்லை. மூயெட்டைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள் என்று அவள் இப்போது எல்லாரிடமும் சொல்கிறாள். நானும் சொல்கிறேன்.

அதே பக்கத்தில் ஒவ்வொரு துறையின் சராசரி மெரிட் புள்ளியும் போட்டிருக்கும். அக்காவும் நானும் அதைத் தாளில் ஒரு பக்கம் எழுதி, என் 90.78-ஐ எதிரே எழுதினோம். என் புள்ளிக்கு மேலே இருக்கும் மூன்று துறைகள் முதலில், ஒட்டி இருப்பவை நடுவில், சற்றுக் கீழே இருப்பவை கடைசியில். சபா, சரவாக் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தோம். அம்மாவுக்கு அதில் விருப்பமே இல்லை.

"பொண்ணு அவ்வளவு தூரம் போகணுமா?"

"இடம் கிடைச்சா போக மாட்டோம்னா எழுதவே வேணாம் ஆன்ட்டி. எழுதினா போற மாதிரி எழுதணும்" என்றார் அக்கா. அம்மா ஒரு நாள் யோசித்து, சரி என்றார். அந்த ஒரு நாள் எனக்கு ஒரு மாதம் போல இருந்தது.

முதலிடத்தில் பினாங்கில் மின்டென் வளாகத்தில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலை வைத்தேன். பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது என்பது ஒரு காரணம். அங்கிருந்து தெற்கே போனால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, 1972-இலிருந்தே இன்டெல் இருக்கும் இடம், தொழிற்பயிற்சிக்கு ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்பது இன்னொரு காரணம்.

இடையில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் அழைப்பு. இந்த வாரமே முன்பணம் கட்டினால் கட்டணக் கழிவு உண்டு, இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்றார்கள். அப்பா கட்டிவிடலாம் என்று கூட நினைத்தார். யு.பி.யு.வில் இடம் கிடைத்தால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டோம். பதில் வரவில்லை, நாங்களும் கட்டவில்லை. தனியாரில் படிப்பது தவறே கிடையாது. ஆனால் அப்பாவின் இரவு வேலைச் சம்பளத்தை அவசரப்படுத்தி வாங்க நினைப்பது தவறு.

பட்டியலில் நான் போட்ட ஒரு துறைக்கு நேர்காணல் இருந்தது. இணையம் வழியாகத்தான், பதினைந்து நிமிடம். விரிவுரையாளர்கள் இருவர் மலாயில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினார்கள். ஏன் இந்தத் துறை என்று கேட்டபோது, அம்மா அக்கம்பக்கத்தாரோடு போடும் கூட்டு, அதாவது சீட்டுக் கணக்குக்காகப் பைத்தானில் நான் எழுதிய சின்ன நிரலைக் காட்டினேன். யார் எந்த மாதம் எடுக்கிறார்கள், யார் இன்னும் கட்டவில்லை என்று காட்டும், அவ்வளவுதான். அதைப் பற்றியே பத்து நிமிடம் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே மாதம் கேட்டால் நிரல் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை, அப்படியே சொன்னேன். பிறகு எப்படிச் சரிசெய்வேன் என்று உரக்க யோசித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

முடிவு வந்த நாள் மதியம் பன்னிரண்டுக்குத் தளம் திறக்கவில்லை. இரண்டே காலுக்குத் திறந்தது. முதல் விருப்பமே கிடைத்திருந்தது. அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, திரையில் இருந்த என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதன் பிறகு வேலைகள் வேகமாக வரும். குறித்த நாளுக்குள் இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், மறந்தால் போய்விடும். மருத்துவப் பரிசோதனைப் பாரத்துக்கு நெஞ்சு எக்ஸ்ரே தேவைப்பட்டது, கிளினிக்கில் கூட்டம், ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசு நிதியின் கல்விக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை நான் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தேன்.

போன மாதம் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து மாமா மகன் வந்தான். இந்த ஆண்டு ஆறாம் படிவம், அவனுக்கும் கணினி அறிவியல்தான் வேண்டுமாம். கைப்பேசியில் யு.பி.யு. பக்கத்தைத் திறந்து நீட்டினான். மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு தாளும், அவனுடைய புறப்பாடச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொன்னேன்.